சர்க்கரை உள்ள பூனைக்கு 7 மாதத்தில் 3 முறை யூரின் இன்ஃபெக்ஷன்: மூன்று மாதம் தொடர்ந்து ஆன்டிபயாடிக் கொடுக்கலாமா? (வேலூர்)

சத்துவாச்சாரி செம்பி வீடு

எல்லாருக்கும் வணக்கம். பூனை பெயர் செம்பி. பெண், கருத்தடை ஆனது, 11 வயசு, 4.6 கிலோ. சர்க்கரை இருப்பது தெரிந்து ஒரு வருஷம் ஆகிறது. லான்டஸ் இன்சுலின், காலை 7 மணிக்கும் இரவு 7 மணிக்கும் 2 யூனிட். அப்பாவும் இன்சுலின் போடுகிறவர் என்பதால் அவருடைய சிவப்பு மூடி சிரிஞ்சு வீட்டில் எப்போதும் இருக்கும். அதிலேயே இவளுக்கும் போடுகிறோம். காது ஓரத்தில் குத்தி அப்பாவின் மெஷினிலேயே பார்க்கிறோம். காலையில் 380, 420 என்று வருகிறது. போன வாரம் ஒருநாள் மதியம் 58 காட்டியது, மெஷின் கோளாறு என்று விட்டுவிட்டோம்.

யூரின் பிரச்சினை 7 மாதத்தில் 3 முறை. திரும்பத் திரும்பப் போய்க் குந்துகிறாள், நாலு சொட்டுதான் வருகிறது, லேசாக ரோஸ் நிறம். ஒவ்வொரு முறையும் என்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் 5 நாள். மூன்றாம் நாளே சரியாகிவிடுகிறாள். நாலைந்து வாரத்தில் மறுபடியும் அதே கதை. டிரே மணலிலிருந்து உறிஞ்சி எடுத்த யூரினை நிறம் மாறும் சோதனைப் பட்டையில் பார்த்து "பஸ் செல் இருக்கு" (சீழில் இருக்கும் வெள்ளணு) என்றார்கள். கல்ச்சர் (யூரினில் உள்ள கிருமியை லேபில் வளர்த்து, எந்த மருந்துக்கு அடங்கும் என்று பார்ப்பது) இதுவரை எடுத்ததில்லை. கடைசியாக மருந்து முடிந்து 12 நாள் ஆகிறது, நேற்றிலிருந்து மறுபடி குந்த ஆரம்பித்திருக்கிறாள். இந்த முறை தினம் இரவு குறைந்த டோஸ் ஆன்டிபயாடிக் மூன்று மாதம் கொடுத்துப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். இது சரியா?

அம்மா வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சில் கஷாயமும் கொடுக்கலாம் என்கிறார். அப்பாவுக்கு எரிச்சலுக்கு வாங்கிய சிட்ரேட் சிரப்பும் இருக்கிறது. எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதனால் வருகிறதா? காலையில் உலர் தீனி, சாயங்காலம் மீன் பிசைந்த தயிர் சோறு. அது இல்லாமல் சாப்பிட மாட்டாள்.

குடியாத்தம் பூனைவீடு

அக்கா, மற்றதெல்லாம் அப்புறம். இன்று இரவு ஊசி போடுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

சிவப்பு மூடி சிரிஞ்சு U-40. அதாவது ஒரு மி.லி.யில் 40 யூனிட் இருக்கும் இன்சுலினுக்காகக் கோடு போட்டது. நம் ஊரில் மனிதர்களுக்கு விற்கும் குப்பி இன்சுலினில் பல 40 யூனிட்தான், அதனால் அப்பாவுக்கு அது சரி. லான்டஸ் ஒரு மி.லி.க்கு 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி போட்ட U-100 சிரிஞ்சுதான் வேண்டும்.

கணக்கு இதுதான்: சிவப்பு மூடியில் "2" கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.05 மி.லி. லான்டஸில் அது 5 யூனிட். நீங்கள் 2 என்று நினைத்துப் போட்டது ஒவ்வொரு வேளையும் 5. மதியம் 58 வந்தது மெஷின் கோளாறு இல்லை. சர்க்கரை அப்படிப் படுத்தால் உடம்பு தன் இருப்பிலிருந்து குளுக்கோசை அவிழ்த்துவிடும், அதனால் காலையில் 400 காட்டவும் வாய்ப்பு உண்டு. அதைப் பார்த்து டோஸைக் கூட்டினால் ஆபத்து இன்னும் பெரிதாகும்.

நீங்களாகவே 2-க்கு மாற்றிவிடவும் வேண்டாம். டாக்டருக்கு இப்போதே போன் செய்து, "சிரிஞ்சு மாறியதால் இதுவரை போனது 5 யூனிட்" என்று அப்படியே சொல்லுங்கள். எந்த அளவில் மறுபடி தொடங்குவது என்பதை அவர் சொல்லட்டும். லான்டஸ் தொடங்கும்போது ஒரு பூனைக்கு வேளைக்கு 1 யூனிட் என்பதுதான் வழக்கமான அளவு. ஆரஞ்சு மூடியிலேயே 30 யூனிட் வரை மட்டும் உள்ள 0.3 மி.லி. சிரிஞ்சு, அரை யூனிட் கோடு போட்டது கிடைத்தால் வாங்குங்கள். 1 மி.லி. சிரிஞ்சில் ஒரு யூனிட்டைக் கண்ணால் அளப்பது கஷ்டம்.

தள்ளாட்டம், வெறித்த பார்வை, தலை ஆட்டம், வலிப்பு இவற்றில் எது தெரிந்தாலும் ஒரு டீஸ்பூன் தேனோ கெட்டிச் சர்க்கரைப் பாகோ விரலில் தொட்டுத் தொட்டு ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்றினால் புரையேறும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தள்ளாட்டம் இல்லாமல் மெஷினில் மட்டும் 60-க்குக் கீழே காட்டினால் சாப்பாடு வைத்து, 15 நிமிடத்தில் மறுபடி குத்திப் பாருங்கள். மனித மெஷின் பூனை ரத்தத்தில் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்தே காட்டும். ஆனாலும் குறைந்த எண்ணைக் கண்டு "சும்மா காட்டுது" என்று விடக்கூடாது.

வாலாஜா வெட்

மேலே சொன்ன சிரிஞ்சு விஷயம்தான் முதல் வேலை. நான் யூரின் பக்கம் சொல்கிறேன்.

6 மாதத்தில் 2 முறை, அல்லது 12 மாதத்தில் 3 முறை வந்தால்தான் "திரும்பத் திரும்ப வரும் தொற்று" என்று பெயர். செம்பி அந்தக் கணக்கில் வந்துவிட்டாள். ஆனால் மூன்று முறையும் உண்மையில் கிருமிதானா என்பது கல்ச்சர் இல்லாமல் யாருக்கும் தெரியாது. இளம் பூனைகளுக்கு ரத்த யூரின் வந்தால் பெரும்பாலும் கிருமியே இருக்காது. மன அழுத்தத்தோடு சேர்ந்து வரும் சிறுநீர்ப்பை அழற்சி அது, சில நாளில் தானாகவே அடங்கும். மருந்தால் அடங்கியது என்று நாம் நினைத்துக்கொள்வோம். 10 வயதுக்கு மேல், அதிலும் சர்க்கரை உள்ள பெண் பூனை என்றால் நிஜமான தொற்றுக்கு வாய்ப்பு அதிகம். ரத்தச் சர்க்கரை 250 முதல் 300-ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் பிடித்து வைக்க முடியாமல் யூரினில் இறங்கும். டிரே பக்கம் எறும்பு மொய்த்தால் காரணம் இதுதான். நீர்த்த, இனிப்பான யூரினில் ஈ.கோலை என்ற கிருமி சுகமாக வளரும். வெள்ளணுக்களின் வேலைத்திறனும் சர்க்கரையால் மந்தமாகும்.

பட்டையில் "பஸ் செல்" என்று சொன்னதை விட்டுவிடுங்கள். வெள்ளணுவுக்கான கட்டம் பூனை யூரினில் பொய்யாகவே நிறம் மாறும். நைட்ரைட் கட்டத்தையும் நம்ப முடியாது. பூனைக்குப் பட்டையில் நம்பத் தக்கவை குளுக்கோஸ், கீட்டோன், ரத்தம், பி.எச். இவைதான். அடர்த்தியைக்கூட அதற்கென உள்ள ரிஃப்ராக்டோமீட்டர் கருவியில்தான் பார்க்க வேண்டும். மணலில் கிடந்த யூரினில் மணலின் கிருமியும் சேர்ந்தே இருக்கும்.

மாதிரி எடுக்க வேண்டிய முறை, வயிற்றின் வழியாகச் சிறுநீர்ப்பையில் மெல்லிய ஊசி விட்டு உறிஞ்சுவது. 22 அல்லது 23 கேஜ் ஊசி, 5 மி.லி. சிரிஞ்சு, ஸ்கேன் பார்த்தபடி. பெரும்பாலான பூனைகளுக்கு மயக்க மருந்தே தேவைப்படாது. அதே ஸ்கேனில் சிறுநீர்ப்பைச் சுவர் தடித்திருக்கிறதா, கல் இருக்கிறதா, சிறுநீரகத்தின் நடுக்குழி விரிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கல் சந்தேகம் என்றால் ஒரு எக்ஸ்ரே. பூனைக்கு வழக்கமாக வரும் ஸ்ட்ருவைட், கால்சியம் ஆக்சலேட் என்ற இரண்டு கல் வகையும் எக்ஸ்ரேயில் தெரியும். கல்லின் இடுக்கில் கிருமி ஒளிந்திருந்தால் எத்தனை நாள் மருந்து கொடுத்தாலும் திரும்பி வரும்.

அடுத்த முறையும் வந்தால் அப்போதும் கல்ச்சர் எடுங்கள். இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். அதே கிருமி, அதே மருந்துப் பட்டியல் என்றால் முதல் முறை முழுதாகப் போகவில்லை, உள்ளே எங்கோ ஒளிந்திருக்கிறது. கல், சிறுநீரகம் என்று தேட வேண்டும். வேறு கிருமி என்றால் ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து புதிதாக ஏறுகிறது. அப்போது பார்க்க வேண்டியது சர்க்கரை, கொழுப்பு மடிந்து பிறப்புறுப்பை மூடியிருக்கிறதா, பின்பக்க முடி யூரினில் நனைந்தே கிடக்கிறதா என்பதை.

மூன்று மாதம் குறைந்த டோஸ் என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதனால் தொற்று வராமல் தடுக்கப்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை. எஞ்சி நிற்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறும் என்பதற்கு இருக்கிறது. உங்கள் டாக்டரிடம் இதைத் தயங்காமல் கேளுங்கள், கல்ச்சர் கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். புதிதாக ஏறிய தொற்று என்றால் 3 முதல் 5 நாள் போதும். உள்ளேயே தங்கிய தொற்றுக்கு 7 முதல் 14 நாள். அவ்வளவுதான்.

அறிக்கை வரும்வரை காத்திருக்க முடியாத அளவு அவதிப்பட்டால், மாதிரி எடுத்த பிறகு தொடங்கும் முதல் மருந்து சாதாரண அமாக்சிசிலின். கிலோவுக்கு 11 முதல் 15 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. செம்பியின் எடைக்கு 125 மி.கி. கரையும் மாத்திரையில் பாதி, அதாவது 62.5 மி.கி., கணக்குக்குப் பொருந்தும். என்ரோஃப்ளாக்சசினை முதல் மருந்தாகத் தொடர்ந்து மூன்று முறை கொடுத்ததே எனக்குக் கவலை. பூனைக்கு அது நாளொன்றுக்குக் கிலோவுக்கு 5 மி.கி.யைத் தாண்டினால் விழித்திரை கெட்டுப் பார்வை போகலாம். பழைய சீட்டில் டோஸைச் சரிபாருங்கள். மெடிக்கலில் "அதே வகைதான்" என்று மனிதர்களின் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தால் வாங்காதீர்கள், பூனையின் குடல் அதைச் சரியாக உறிஞ்சாது. மாத்திரை விழுங்க அடம்பிடிக்கும் பூனைக்கு 14 நாள் வேலை செய்யும் செஃபோவெசின் ஊசி உண்டு. ஆனால் அது கல்ச்சர் பார்த்த பிறகு, வேறு வழி இல்லாதபோது மட்டும். என்டரோகாக்கஸ் போன்ற கிருமியை அது தொடக்கூட செய்யாது.

இன்னொன்று, பலர் தடுமாறும் இடம். கல்ச்சரில் கிருமி வளர்ந்திருக்கிறது, ஆனால் பூனை குந்தவில்லை, எரிச்சல் இல்லை, ரத்தம் இல்லை, காய்ச்சல் இல்லை என்றால் பொதுவாக மருந்து வேண்டாம். சர்க்கரைப் பூனைக்கும் அப்படித்தான். அறிக்கைக்கு வைத்தியம் பார்த்தால் அடுத்த முறை நிஜமாகவே தேவைப்படும்போது மருந்து கேட்காது.

வீட்டு மருந்துகள். சிட்ரேட் சிரப் யூரினைக் காரமாக்கும், ஸ்ட்ருவைட் படிகம் உண்டாக அதுவே தோதான இடம். பெரும்பாலும் சர்க்கரைப் பாகும் சேர்ந்தது. வேண்டாம். நெருஞ்சில் மேய்ந்த ஆட்டுக்குக் கல்லீரல் கெட்டு முகம் வீங்குவது மேய்ச்சல் பக்கத்தில் தெரிந்த விஷயம். பூனைக்கு எவ்வளவு தாங்கும் என்று அளவே கிடையாது, கொடுக்காதீர்கள். வாழைத்தண்டுச் சாற்றைப் பிடித்துக்கொண்டு புகட்டினால் அவள் மிரண்டு தண்ணீர்க் கிண்ணத்தையே வெறுப்பாள், அதுதான் மிச்சம். பாரசிட்டமால் அரை மாத்திரைகூடப் பூனையைக் கொல்லும். மனிதர்களின் யூரின் எரிச்சலுக்குத் தரும், யூரினை ஆரஞ்சு நிறமாக்கும் ஃபினஸோபைரிடின் பூனையின் சிவப்பணுவைச் சிதைக்கும். வலி இருந்தால் டாக்டர் புப்ரினார்ஃபின் தருவார்.

அப்பாவின் மாத்திரை டப்பாவில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள் இருந்தால் அதிலும் எச்சரிக்கையாக இருங்கள். பூனைக்கு இந்த வகை மாத்திரை வந்துவிட்டது என்று இணையத்தில் படித்துவிட்டுச் சிலர் கேட்கிறார்கள். உண்மைதான், அமெரிக்காவில் பெக்ஸாகிளிஃப்ளோசின் 2022 டிசம்பரிலும் வெலாகிளிஃப்ளோசின் 2023 ஆகஸ்டிலும் அனுமதி பெற்றன. ஆனால் சர்க்கரையை யூரினில் வெளியேற்றுவதே அவற்றின் வேலை. இன்சுலினில் இருக்கும் பூனைக்கு பெக்ஸாகிளிஃப்ளோசினைக் கொடுக்கக் கூடாது என்று அதன் குறிப்பிலேயே இருக்கிறது. செம்பிக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

போர் தண்ணீர்: பாலாற்றுப் பக்கம் நிலத்தடி நீர் உப்புதான், வடிகட்டிய தண்ணீர் வைத்தால் நல்லது. ஆனால் கிருமித் தொற்று உப்புத் தண்ணீரால் வருவதில்லை.

கடைசியாக ஒரு கேள்வி: தோல் அரிப்புக்கோ வாய்ப்புண்ணுக்கோ ஒரு மாதம் வேலை செய்யும் ஊசி ஏதாவது போட்டிருக்கிறீர்களா? அது ஸ்டீராய்டாக இருந்தால் சர்க்கரை ஏறுவதற்கும் தொற்று திரும்புவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆற்காடு லேப்

கல்ச்சர் தட்டு போடுகிற பக்கத்திலிருந்து சில விஷயங்கள்.

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் பெரும்பாலும் மனிதர்களுக்கான லேபில்தான் மாதிரி கொடுக்க வேண்டியிருக்கும். சில இடங்களில் மிருக மாதிரி வாங்க மாட்டார்கள், முதலில் போனில் கேட்டுவிடுங்கள். வாங்குகிற லேபிலும் ஒரு சிக்கல் உண்டு. மனிதர்கள் பிடித்துக் கொடுக்கும் யூரினில் ஒரு மி.லி.க்கு 1 லட்சம் கிருமி இருந்தால்தான் கணக்கு, குறைந்தால் "குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை" என்று அடித்துவிடுவார்கள். ஊசி வழியாக எடுத்த பூனை யூரினில் 1,000 இருந்தாலே அது தொற்று. அதனால் படிவத்தில் "பூனை, சூப்ராபியூபிக் ஆஸ்பிரேட்" (அடிவயிற்றில் ஊசி விட்டு உறிஞ்சிய யூரின்) என்று எழுதச் சொல்லுங்கள். அந்தச் சொல் எந்த மைக்ரோபயாலஜி லேபுக்கும் புரியும். 10 மைக்ரோலிட்டர் லூப்பில் (யூரினைத் தொட்டுத் தட்டில் தேய்க்கும் வளையக் கம்பி) போடச் சொல்லுங்கள். 1 மைக்ரோலிட்டர் லூப்பில் ஒரு புள்ளி வளர்ந்தால் 1,000 என்று பொருள், அந்த ஒற்றைப் புள்ளியை அழுக்கு என்று ஒதுக்கிவிடுவார்கள். 10 மைக்ரோலிட்டரில் அதே மாதிரி பத்துப் புள்ளி காட்டும்.

நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுங்கள். ஈ.கோலை தோதான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. வண்டிப் பெட்டியில் 2 மணி நேரம் கிடந்தால் 6 முறை இரட்டித்து 1,000 என்பது 64,000 ஆகலாம். எடுத்த உடனே மூடி, ஐஸ் பேக் போட்ட வாய் அகன்ற ஃபிளாஸ்கில் வையுங்கள். குப்பி நேரடியாக ஐஸில் உறையாமல் நடுவில் ஒரு துணி. அன்றே கொடுக்க முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் 24 மணி நேரம் தாங்கும், ஃபிரீசர் கூடாது. போரிக் ஆசிட் குப்பி தந்தால் அதில் போட்டிருக்கும் கோடு வரை நிரப்ப வேண்டும். பூனையிடம் 3 மி.லி.தான் கிடைத்தது என்றால் சாதாரண மலட்டுக் குப்பியே மேல், ஏனென்றால் பொடி அதிகமாகிக் கிருமியையே கொன்றுவிடும்.

அறிக்கை வர 2, 3 நாள் ஆகும். பட்டியலில் அமாக்சிசிலின் பெயர் இல்லையே என்று குழம்ப வேண்டாம், ஆம்பிசிலின் முடிவுதான் அதற்கும். மூன்று நான்கு வகை கிருமி கலந்து வளர்ந்திருந்தால் மாதிரி அழுக்காகியிருக்கிறது, அதை நம்பி மருந்து தொடங்காதீர்கள்.

சத்துவாச்சாரி செம்பி வீடு

கைகூப்பி நன்றி. மூடியைப் பார்த்தேன், சிவப்புதான், U-40 என்று போட்டிருக்கிறது. டாக்டரிடம் சொன்னேன். இன்று இரவு ஊசி வேண்டாம், நாளை காலையிலிருந்து ஆரஞ்சு மூடியில் 1 யூனிட் என்றார். ஸ்டீராய்டு ஊசி எதுவும் போட்டதில்லை. நாளை மறுநாள் காலை ஸ்கேனோடு யூரின் எடுக்கிறார்கள். ஆனால் இப்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொட்டு விடுகிறாள், ஊசியில் எடுக்க யூரின் இருக்குமா? தயிர் சோற்றையும் நாளையே நிறுத்திவிடட்டுமா?

வாலாஜா வெட்

காலையில் எழுந்ததும் டிரேயை எடுத்துவிட்டு, அவளைக் கூடையில் பழைய துண்டு போட்டு வைத்துக் கிளம்புங்கள். குலுங்காமல் போனால் அரை மணியில் கொஞ்சம் சேரும். சிறுநீர்ப்பை முழுதும் காலியாக இருந்தால் வற்புறுத்திக் குத்தக் கூடாது, ஆஸ்பத்திரியிலேயே ஒன்றிரண்டு மணி நேரம் காத்திருங்கள். 2 மி.லி. கிடைத்தால் போதும்.

அதுவரை இதைக் கவனியுங்கள்: சாப்பாட்டை முழுதும் ஒதுக்குவது, வாந்தி, சோர்ந்து படுப்பது, காது சுடுவது. இவற்றில் எது வந்தாலும் நாளை மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம், கீட்டோன் (இன்சுலின் பற்றாதபோது கொழுப்பு கரைந்து ரத்தத்தில் சேரும் அமிலம்) கூடியிருக்கலாம். கீட்டோ-டயாஸ்டிக்ஸ் பட்டை மெடிக்கலில் கிடைக்கும். யூரினில் நனைத்து 15 விநாடியில் கீட்டோன் கட்டத்தையும் 30 விநாடியில் குளுக்கோஸ் கட்டத்தையும் பாருங்கள். நேரம் தப்பினால் நிறமும் தப்பும். கீட்டோன் கட்டம் ஊதாவுக்குத் திரும்பி, அவள் சாப்பிடாமலும் இருந்தால் இரவானாலும் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் உள்ளூரில் படுக்கை வசதி இல்லையென்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டிப் பேசிவிட்டுப் புறப்படுங்கள்.

குடியாத்தம் பூனைவீடு

தயிர் சோற்றை நாளையே நிறுத்தாதீர்கள் அக்கா. சோறும் உலர் தீனியும் இரண்டுமே மாவுச்சத்து. அதை நிறுத்தினால் இன்சுலின் தேவை சட்டென்று இறங்கும். தொற்று அடங்கினாலும் இறங்கும். டோஸும் இப்போதுதான் மாறியிருக்கிறது. மூன்றும் ஒரே வாரத்தில் வந்தால் சர்க்கரை எப்போது படுக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் மருந்துப் படலம் முடியட்டும். பிறகு 7 முதல் 10 நாளில், தினம் கொஞ்சம் சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் ஈரத் தீனி. வாங்கும்போது பேஸ்ட் வகை பாருங்கள், குழம்பு வகையில் மாவு சேர்த்திருப்பார்கள். வேகவைத்த கோழியை உப்பு மஞ்சள் இல்லாமல் மேலே தூவலாம், ஆனால் கோழி மட்டுமே முழு உணவு ஆகாது, பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்து பற்றாது. கருவாடு வேண்டாம்.

மருந்து தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து கூடுதலாகக் கவனியுங்கள். காலை ஊசிக்கு முன் ஒரு ரீடிங், பிறகு 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மாலை வரை, வாரத்தில் ஒருநாள். ஆகக் குறைந்த எண் 80-க்கும் 150-க்கும் நடுவில் நின்றால் நல்லது. அத்தனை முறை குத்த மனசு வரவில்லை என்றால் மனிதர்களுக்கு வரும், சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் 14 நாள் சென்சாரைத் தோள் பக்கம் முடி மழித்து ஒட்டலாம்.

டிரேயில் கட்டிபிடிக்கும் மணலுக்கு மாறுங்கள். உருண்டையைப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம்: சர்க்கரை ஏறினால் எலுமிச்சை அளவைத் தாண்டிப் பெரிய பெரிய உருண்டையாக வரும். தொற்று திரும்பினால் சுண்டைக்காய் அளவில் பத்துப் பன்னிரண்டு இருக்கும். தினம் காலையில் அள்ளும்போது எண்ணி, சமையலறைத் தராசில் மொத்தமாக நிறுத்து, காலண்டர் தாளில் குறித்துவையுங்கள். ஸ்கேனுக்குப் போகும்போது அந்தத் தாளையும் கூடையில் போட்டு எடுத்துப் போங்கள்.